‘எல்லாம் நார்மல்’ என்ற தாளைப் பற்றி: லேப் உரிமையாளர்களுக்கும் டாக்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் இரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறவர்களுக்கும், எங்களிடம் சீட்டு எழுதி அனுப்புகிற டாக்டர்களுக்கும் வணக்கம்.

நான் தேனி மாவட்டத்தில் ஒரு லேபில் இரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறேன். 22 வருடமாகிறது. காலை ஆறரைக்குக் கதவைத் திறக்கும்போதே வெறும் வயிற்றோடு பத்துப் பேர் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஊதா மூடி, சாம்பல் மூடி, மஞ்சள் மூடி என்று குழாய்களை எடுத்து வைத்து, பெயரை எழுதி, கையில் பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடி ஊசி போடுவேன். டாக்டர் படிப்பு இல்லை, டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ படித்தவள். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உங்களைவிட அனுபவம் அதிகம் என்று நினைக்கிறேன். ஊசி ஏறும்போது மனிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்படித் திருப்பிக்கொண்டபடி, வீட்டில் சொல்லாததையெல்லாம் சொல்வார்கள்.

கொஞ்ச நாளாக அந்த நாற்காலிக்கு ஒரு புதுக் கேள்வி வருகிறது. “மனசு சரியில்லாததை ரத்தத்துலயே கண்டுபிடிக்கிற டெஸ்ட் வந்திருச்சாமே, உங்க லேப்ல எடுப்பீங்களா?” சிலர் போனில் வந்த செய்தியைக் காட்டுகிறார்கள். போன மாதம் ஓர் அம்மா, மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “எம் பொண்ணு தப்பா ஏதும் யோசிக்கிறாளான்னு ரத்தத்துல தெரிஞ்சிருமாம்மா?” தெரியாது என்று சொன்னேன். அந்த முகம் அப்படியே விழுந்துவிட்டது. நம் லேபுகளில் அந்த டெஸ்ட் இப்போது இல்லை. ஆனால் அதை விற்க ஒரு நாள் யாராவது வருவார்கள். அதற்கு முன்னால் உங்களிடம் பேசிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த டாக்டர், எந்த ஊர் என்பது வேண்டாம். கல்லூரி இரண்டாம் வருடம். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, எப்போது பார்த்தாலும் அசதி என்று காட்டப் போனபோது, சி.பி.சி. என்கிற இரத்த அணுக் கணக்கு, சர்க்கரை, தைராய்டு, ஈரல், சிறுநீரகம் எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான்தான் எடுத்தேன். “வலிக்குதாம்மா?” என்று கேட்டேன். “இதெல்லாம் ஒரு வலியாக்கா” என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. அடுத்து ஏழு பேர் காத்திருந்தார்கள். சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது, எல்லாம் வரம்புக்குள். வாங்க வந்த அவள் அம்மா கவுண்டரிலேயே பிரித்துப் பார்த்து, பக்கத்தில் நின்ற மகளிடம் சொன்னார்: “பாத்தியா, எல்லாம் நார்மல்னு போட்டிருக்கான். உனக்கு ஒண்ணும் இல்ல. படிக்கச் சோம்பேறித்தனம்.” அந்தத் தாளில் நான் ஒட்டிய லேபிள் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அவளை 108 வண்டியில் கொண்டுபோனதாகக் கேள்விப்பட்டேன். பிழைத்துக்கொண்டாள். மூன்று மாதம் கழித்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு எழுதிய சீட்டோடு அதே நாற்காலிக்கு வந்தாள். முகம் தெளிந்திருந்தது. நான் தயங்கித் தயங்கி நலம் விசாரித்தபோது, “அன்னைக்கு நீங்க இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்க்கா” என்றாள். என்னைக் குறை சொல்லிச் சொன்னதில்லை, சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்கு வேலை ஓடவில்லை.

சரி, அந்த டெஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். என் அண்ணன் மகன் பயோகெமிஸ்ட்ரி படிக்கிறான். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போனில் வந்த செய்திக்குப் பின்னால் இருக்கிற ஆராய்ச்சியை வரிவரியாகப் படித்தேன். அமெரிக்காவின் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நவியோவும், பிட்ஸ்பர்கில் லிசா பானும் சேர்ந்து செய்தது; 2023 டிசம்பரில் வெளியானது. எந்த மருந்துக்கும் குணமாகாத மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் உள்ள 99 பேர், நலமாக உள்ள 94 பேர். இரண்டு தரப்பின் இரத்தத்திலும் 448 வேதிப்பொருட்களை அளந்திருக்கிறார்கள். ஆண்களுக்கு ஐந்து, பெண்களுக்கு வேறு ஐந்து பொருட்களின் அளவை வைத்து, நூற்றுக்கு 85 முதல் 90 பேரைச் சரியாகப் பிரிக்க முடிந்ததாகச் சொல்கிறார்கள். ஆணின் இரத்தமும் பெண்ணின் இரத்தமும் வேறு வேறு விதமாகக் காட்டியது எனக்கு ஆச்சரியம். செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலை தடுமாறுவதுதான் பொதுவான அடையாளம் என்கிறார்கள். ஃபோலேட் என்ற பி வைட்டமின், செல்லின் சக்திக்கு உதவும் கார்னிடின் போன்றவை சிலருக்குக் குறைந்திருந்தன.

இந்த ஆராய்ச்சியை நான் மதிக்கிறேன். மனச்சோர்வு என்றால் மனசுக்குத் திமிர், வேலை இல்லாததால் வந்த எண்ணம் என்று பேசுகிற வீடுகளில், இரத்தத்திலும் தெரிகிற நோய் இது என்று ஒருவர் அளந்து காட்டுவது சாதாரணக் காரியம் இல்லை. லிசா பான் இதற்கு முன்பு செய்த வேலை இன்னும் என் மனதில் நிற்கிறது. பல மருந்துகள் கொடுத்தும் தேறாத இளவயதினர் 33 பேரின் தண்டுவட நீரை எடுத்துப் பார்த்ததில் 21 பேருக்கு ஏதோ ஒரு வளர்சிதைமாற்றக் குறைபாடு இருந்தது. நலமாக இருந்த 16 பேரில் ஒருவருக்கும் இல்லை. அந்த 33 பேரில் 12 பேருக்கு மூளைக்குப் போய்ச் சேர வேண்டிய ஃபோலேட் குறைவு. ஃபோலேட்டின் இன்னொரு வடிவமான ஃபோலினிக் அமிலம் கொடுத்ததும் அவர்களுக்கு அறிகுறிகள் தணிந்தன. இதில் லேப்காரர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த 12 பேருக்கும் இரத்தத்தில் ஃபோலேட் அளவு சரியாகவே இருந்தது! நம் லேபுக்கு வந்திருந்தால் ‘நார்மல்’ என்றுதான் அடித்துக் கொடுத்திருப்போம்.

ஆனால் 85, 90 என்ற எண்ணை எடுத்து விளம்பரப் பலகையில் எழுதிவிட முடியாது. நோய் முற்றிய ஒரு கூட்டத்தையும் முழு நலத்தோடு இருக்கும் ஒரு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்த கணக்கு அது. நம்மிடம் வருகிறவர்கள் அந்த இரண்டு கரையிலும் இல்லை, நடுவில் நிற்கிறார்கள். லேசான சோர்வு உள்ளவர், கணவர் குடிப்பதால் தூக்கம் கெட்டவர், மாதவிடாய் நிற்கிற வயதில் படபடக்கிறவர், மகன் பரீட்சையில் தோற்றதிலிருந்து சாப்பிடாதவர். மனச்சோர்வு இருந்தும் சாகும் எண்ணம் இல்லாதவரையும், எண்ணம் உள்ளவரையும் பிரித்துக் காட்டுகிறதா என்பதுதான் நமக்கு வேண்டிய கேள்வி. அந்த ஆய்வு அதைச் சோதிக்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு முகாமுக்கு 1,000 பேர் வருகிறார்கள், அவர்களில் 50 பேருக்கு அந்த எண்ணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் இரண்டு பக்கமும் நூற்றுக்கு 90 சரியாகச் சொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 50 பேரில் 45 பேரைப் பிடிக்கும். மீதி 950 பேரில் 95 பேரைத் தவறாகப் பிடிக்கும். ஆக 140 பேர் வீட்டுக்குச் சிவப்பு எழுத்தில் தாள் போகும். அதில் 95 பேருக்கு அந்த எண்ணமே கிடையாது. எண்ணம் உள்ள ஐந்து பேர் கையில் ‘நார்மல்’ என்ற தாள் இருக்கும். எனக்குத் தூக்கம் கெடுவது அந்த ஐந்து தாளை நினைத்துத்தான்.

இதுபோல முன்பும் நடந்திருக்கிறது. 1981இல் பெர்னார்ட் கேரல் என்ற மனநல மருத்துவர், இரவில் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுத்து மறுநாள் கார்டிசால் என்ற ஹார்மோனை அளந்தால் கடுமையான மனச்சோர்வைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார். மனநலத்துக்கும் கடைசியில் ஒரு லேப் டெஸ்ட் வந்துவிட்டது என்று உலகமே கொண்டாடியது. அப்புறம் பார்த்தால் எடை குறைந்தவருக்கும், குடியை நிறுத்தியவருக்கும், மறதி நோய் உள்ளவருக்கும் அதே முடிவு வந்தது. சில வருடங்களில் வழக்கமான சோதனையாக அதைச் செய்வது நின்றுபோனது. 2013இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் எஸ்.ஏ.டி.1 என்ற மரபணு, 2014இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் எஸ்.கே.ஏ.2 என்ற மரபணு. ஒவ்வொரு முறையும் ‘தற்கொலையை முன்கூட்டியே சொல்லும் இரத்தப் பரிசோதனை’ என்று தலைப்புப் போட்டார்கள். இன்றுவரை அவற்றில் ஒன்றுகூட எங்கள் லேபின் விலைப் பட்டியலுக்கு வரவில்லை. 50 வருட ஆய்வுகள் 365ஐ ஒன்றாகத் தொகுத்து 2017இல் வெளியிட்ட அறிக்கை, யார் உயிரை மாய்த்துக்கொள்வார் என்று கணிப்பதில் எந்தக் காரணியும் தனியாக நின்றால் குருட்டாம்போக்கைவிடப் பெரிதாக உதவவில்லை என்று சொன்னது.

என் தொழிலில் இருந்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். 448 வேதிப்பொருட்களை அளக்கிற கருவி அந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, எடுத்த உடனே பிரித்து உறையவைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் காலையில் எடுத்த சாம்பிள், ஐஸ் பெட்டியில் பைக்கில் ஏறி, பஸ்ஸுக்குக் காத்திருந்து, மதியத்துக்குமேல் மதுரை போய்ச் சேரும். சித்திரை வெயிலில் அந்தப் பெட்டி படும் பாடு எனக்குத் தெரியும். சாம்பல் மூடிக் குழாயில் எடுக்காமல், சென்ட்ரிஃபியூஜில் சுற்றாமல் வைத்திருந்தால், சர்க்கரை அளவே மணிக்கு மணி இறங்கும். இரத்தச் சிவப்பணு உடைந்தால் பொட்டாசியம் ஏறிவிடும். இந்தச் சின்னச் சின்ன விஷயங்களிலேயே நாம் தடுமாறும்போது, ஒருவர் வாழ நினைக்கிறாரா இல்லையா என்பதை அந்தக் குழாயிடம் கேட்கப் போகிறோமா?

டாக்டர்களே, இரத்தம் இன்றைக்கே சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. அதைக் கேட்பதில்தான் நாம் சோம்பியிருக்கிறோம். தைராய்டு குறைந்தால் மனசு மந்தமாகும், உடம்பு கனக்கும், அழுகை வரும். பி12 வைட்டமின் குறைந்தாலும் அப்படித்தான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்காக எடுப்பவர்களுக்கு பி12 குறையும். நெஞ்செரிச்சலுக்கு என்று ஒமிப்ரசோல் மாத்திரையைப் பல வருடம் விழுங்குகிறவர்களுக்கும் குறையும். எங்கள் பக்கம் இந்த இரண்டும் இல்லாத வீட்டைத் தேட வேண்டும். ஆனால் பி12 எழுதிய சீட்டு வாரத்துக்கு இரண்டு வந்தால் அதிகம். கூடவே ஒன்று: பி12 பார்க்காமல் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால், சோகை சரியானதுபோலத் தெரிந்து, உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகலாம். உங்களுக்குத் தெரிந்ததுதான். போனில் ஃபோலேட் செய்தியைப் படித்துவிட்டு மருந்துக்கடையில் தானாக வாங்குகிறவர்களை நான் பார்ப்பதால் சொல்கிறேன்.

ஹீமோகுளோபின் வெறும் 7 இருக்கிற பெண்ணை ‘எப்பப் பாரு படுத்துக்கிடக்கிறா’ என்று திட்டுகிற வீடுகள் எத்தனை! 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. அசதியும் சோகையும் மனச்சோர்வும் ஒரே உடம்பில் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். ஹீமோகுளோபினை ஏற்றினால் மூன்றும் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை ஏற்றாமல் மற்ற இரண்டோடு போராடுவது கஷ்டம். உடம்புக்குள் இருக்கும் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தைப் பற்றியும் ஆராய்ச்சி நடக்கிறது. 2013இல் அமெரிக்காவில் 60 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், சி.ஆர்.பி. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குமேல் இருந்தவர்களுக்கு மட்டும் அழற்சியை அடக்கும் ஒரு மருந்து மனச்சோர்வில் உதவுவதுபோலத் தெரிந்தது, மற்றவர்களுக்கு இல்லை. யாருக்கு எந்த மருந்து என்று தேர்ந்தெடுக்க இரத்தம் ஒரு நாள் உதவும் என்றே நான் நம்புகிறேன். ஆனால் சி.ஆர்.பி. காய்ச்சலுக்கும் ஏறும், சொத்தைப் பல்லுக்கும் ஏறும். அதை வைத்து மனதுக்குப் பெயர் சூட்ட முடியாது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022இல் நாடு முழுவதும் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். நாட்டளவில் காரணம் என்று எழுதியிருப்பதில் குடும்பப் பிரச்சினை நூற்றுக்கு 31.7, நோய் 18.4. இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்குமேல் தினக்கூலிகள். வட்டிக்காரன் வாசலில் நிற்பது எந்த மூடிக் குழாயில் தெரியும்? ஆளைக் கேட்டால்தான் தெரியும்.

கேட்பதற்குப் பலரும் பயப்படுகிறார்கள், “இல்லாததை நாமே தூண்டிவிட்டமாதிரி ஆயிடுமோ” என்று. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அப்படித் தூண்டுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; கேட்டால் பாரம் கொஞ்சம் குறைவதும் உண்டு. ஒன்பது கேள்வி உள்ள பி.ஹெச்.க்யூ-9 என்ற தாள் தமிழிலும் இருக்கிறது, காசு கிடையாது. அதில் ஒன்பதாவது கேள்வியே அதுதான்: செத்துப்போயிருந்தால் நல்லது என்றோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ இரண்டு வாரமாகத் தோன்றியதா? சீட்டில் பத்து டெஸ்ட் எழுத ஆகிற நேரத்தில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடலாம். நோயாளியைத் தனியாக வைத்துக் கேளுங்கள். அம்மா பக்கத்தில் நின்றால் எந்தப் பெண்ணும் ஆமாம் என்று சொல்ல மாட்டாள்.

லேப் உரிமையாளர்களே, உங்களுக்கு ஒரு பழைய முன்மாதிரியை ஞாபகப்படுத்துகிறேன். எச்.ஐ.வி. சோதனையை நாம் எப்படிச் செய்யக் கற்றோம்? அரசு மருத்துவமனைகளில் அதற்கென்று ‘நம்பிக்கை மையம்’ வைத்தார்கள். இரத்தம் எடுக்கும் முன் ஓர் ஆலோசகர் உட்காரவைத்துப் பேசுவார். சம்மதம் கேட்பார். முடிவை அவரே, சம்பந்தப்பட்டவரிடம் மட்டும், உட்காரவைத்துச் சொல்வார். வாசலில் நிற்கிற மாமனார் கையில் கவரைக் கொடுப்பது கிடையாது. மனநலத்துக்கான இரத்தப் பரிசோதனை என்று ஒன்று வந்தால், அது அந்த வழியில்தான் வர வேண்டும். ‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜில் 72ஆவது வரியாக, தள்ளுபடி விலையில், பொங்கல் சலுகையாக வரக் கூடாது. மனநல மருத்துவர் எழுதாமல் எடுக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரின் மருத்துவ விவரங்களை இரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. நம் கவுண்டரில் பில் நம்பர் சொன்னால் யாருக்கும் ரிப்போர்ட் கொடுக்கிறோம், வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறோம். கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டுக்கோ, வேலைக்கு எடுக்கிற கம்பெனிக்கோ அப்படி ஒரு தாள் போனால், அந்தப் பிள்ளையின் வாழ்க்கை என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அந்த டெஸ்ட் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. ரிப்போர்ட்டின் கடைசியில் ‘கிளினிக்கலி கோரிலேட்’, அதாவது நோயாளியின் அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி அடிக்கிறோம், எத்தனை பேருக்குப் புரிகிறது? அதற்குக் கீழே தமிழில் ஒரு வரி சேருங்கள்: ‘இந்த அளவுகள் சரியாக இருப்பதால் நோய் இல்லை என்று பொருள் இல்லை. அசதி, தூக்கமின்மை, வாழப் பிடிக்காத எண்ணம் தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.’ அதோடு 14416 என்ற எண்ணையும் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை, 24 மணி நேரமும், தமிழில், கட்டணம் இல்லாமல் பேசுவார்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பின் 044-24640050 எண்ணையும் சேர்க்கலாம். மை செலவு ஒன்றும் கூடிவிடாது.

இரத்தம் எடுக்கிற எங்களுக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். ஊசி ஏறும்போது ஒருவர் “இருந்து என்ன பண்ணப் போறேன்” என்று சொன்னால் நாங்கள் என்ன பேச வேண்டும், என்ன பேசக் கூடாது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லித்தந்ததில்லை. “அப்படியெல்லாம் பேசாதீங்க, எல்லாம் சரியாயிடும்” என்று வாயை அடைத்துத்தான் எங்களுக்குப் பழக்கம். அந்தப் பெண் வந்துபோன பிறகு நானாக மாற்றிக்கொண்டேன். பட்டையை அவிழ்த்து, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்கிற இரண்டு நிமிடம் எனக்குக் கிடைக்கிறது. அதற்குள் கேட்டுவிடுகிறேன். போன மாதம் மகளைக் கூட்டிவந்த அந்த அம்மாவைக் காபி வாங்கிவர அனுப்பிவிட்டு, மகளிடம் கேட்டேன். அவள் அழுதாள். அன்றைக்கே 14416க்கு என் போனிலிருந்து பேசினாள். இப்போது மாவட்ட மருத்துவமனைக்குப் போய்வருகிறாள்.

எங்கள் கலெக்ஷன் அறைக்குக் கதவு இல்லை. வாசலில் நிற்கிறவருக்கு உள்ளே பேசுவது எல்லாம் கேட்கும். நாற்காலியைச் சுற்றி ஒரு திரை போடலாமா என்று எங்கள் முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். அவர் சம்மதித்துவிட்டார், கம்பி அடிக்க ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார். உங்கள் லேபிலும் அந்த நாற்காலி எப்படி இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இப்படிக்கு,
லேப் டெக்னீஷியன் ஒருத்தி,
தேனி மாவட்டம்